விற்றது போக மிஞ்சியதுதான் பிள்ளைக்கா?

காய்கறி சாகுபடி செய்யும் வீடுகளில் பறிப்பு நாளன்று நடப்பது விவசாயிகளுக்குத் தெரிந்ததுதான். பிஞ்சு வெண்டை, பளபளப்பான கத்திரி, ஒரே அளவுத் தக்காளி எல்லாம் தரம் பிரித்துச் சந்தைக்குப் போய்விடும். முற்றலும் சொத்தையும் வீட்டுக்கு வரும். அந்த முற்றல் வெண்டைப் பொரியலைத்தான் பிள்ளை வாயில் வைக்கிறது. நார் சிக்கியதும் துப்பிவிடுகிறது. ‘எங்க பிள்ளை காயைத் தொடவே மாட்டேங்குது’ என்ற குறை பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது.

எவ்வளவு தேவை?

6 முதல் 9 வயதுவரையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்குக் காய்கறி, பழம் இரண்டும் சேர்த்துக் குறைந்தது 350 கிராம் தேவை; 10 வயதுக்கு மேல் 400 கிராம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி மதிய உணவில் மத்திய அரசு வகுத்துள்ள காய்கறி அளவு, 5-ம் வகுப்புவரை 50 கிராம். 6 முதல் 8-ம் வகுப்புவரை 75 கிராம். ஆக, சத்துணவு சாப்பிடும் பிள்ளைக்கும் மீதி 300 கிராமுக்குக் குறையாமல் வீட்டில்தான் கிடைக்க வேண்டும்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தச்சோகை இருக்கிறது. கீரையில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர வைட்டமின் சி உதவும். கீரைச் சோற்றோடு ஒரு கொய்யாப்பழம் கொடுக்கச் சொல்வது அதனால்தான்.

எது தீர்மானிக்கிறது?

முதலாவது, கைக்கெட்டும் தூரம். பள்ளி விட்டு வரும் பிள்ளை பசியோடு வருகிறது. கண்ணெதிரே நறுக்கிய பப்பாளி இருந்தால் அதைத் தின்னும். இல்லாவிட்டால் பெட்டிக்கடைப் பொட்டலத்துக்குக் கை நீளும். தினம் 10 ரூபாய் பொட்டலம் என்றாலும் மாதம் 300 ரூபாய்.

இரண்டாவது, அப்பாவின் தட்டு. பாகற்காயை அப்பா ஒதுக்கி வைத்தால், பிள்ளையும் ஒதுக்கும்.

மூன்றாவது, பழக்கம். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கசப்பு கூடுதலாகத் தெரியும். புதிய காய் நாக்குக்குப் பிடிபட 10, 15 தடவைகூட ஆகலாம். இரண்டு தடவை வைத்துவிட்டு ‘பிடிக்கலை’ என்று நிறுத்திவிடக் கூடாது. அடித்துத் திணித்தாலும், ‘காயைத் தின்னா சாக்லேட்’ என்று ஆசை காட்டினாலும் அந்தக் காயின் மேல் வெறுப்புதான் வளரும். ஒரு கரண்டி வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதே நல்லது.

நான்காவது, பங்களிப்பு. தானே விதைத்து, தண்ணீர் ஊற்றிப் பறித்த கீரையைப் பிள்ளை ஆசையோடு தின்னும்.

ஒரு சென்ட் போதும்

வீட்டுக்கென்று ஒரு சென்ட் ஒதுக்குங்கள். ஓரத்தில் ஒரு பி.கே.எம்-1 முருங்கை, ஒரு லக்னோ-49 கொய்யா, மூன்று பப்பாளிக் கன்றுகள் வைக்கலாம். பப்பாளியில் ஆண் மரம் வந்தால் நீக்கிவிடலாம். வேலியில் அவரை, பீர்க்கன் ஏற்றலாம். நடுவில் கத்திரி, தக்காளி, வெண்டை. ஒரு பாத்தியைப் பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். அதில் முளைக்கீரை விதைத்தால் 25 நாளில் பறிக்கலாம். வாரம் ஒரு துண்டாக விதைத்தால் தொடர்ந்து கீரை கிடைக்கும். வெண்டையைப் பூத்த 5, 6 நாளில் பறித்தால் பிஞ்சாக இருக்கும்.

இந்தப் பாத்திகளில் ரசாயன மருந்து வேண்டாம். பூச்சி தென்பட்டால் 5 சதவிகித வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். மருந்தடித்த வயலிலிருந்து வீட்டுக்குக் காய் எடுப்பதானால், டப்பாவில் குறிப்பிட்டுள்ள காத்திருப்பு நாள்கள் கழிந்த பிறகே பறிக்க வேண்டும்.

தோட்டம் அமையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த பறிப்பில் தரம் பிரிக்க உட்காரும்போது, சந்தைக்கு மூட்டை கட்டும் முன்பே வீட்டுக்கு இரண்டு கிலோ முதல் தரக் காயை எடுத்து வையுங்கள். அன்று இரவே பிஞ்சு வெண்டையைப் பொரித்து வையுங்கள். பெரியவர்களும் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள்.