‘குடும்பத்தில் இருக்கு’ என்றால் என்ன அர்த்தம்?

வரன் பார்க்கும்போது நேருக்கு நேர் கேட்கத் தயங்கி, அக்கம்பக்கத்தில் விசாரிக்கும் கேள்வி ஒன்று உண்டு: “அவங்க குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருக்கா?” அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் என்று தெரிந்தால் தங்கையின் சம்பந்தம் தட்டிப்போகிறது. அதற்குப் பயந்தே நோயை மறைக்கிறார்கள். மறைக்க மறைக்கச் சிகிச்சை தள்ளிப்போகிறது.

அந்தப் பயத்துக்கு மரபணு அறிவியல் தரும் கணக்கு வேறு.

பொதுவாக நூறு பேரில் ஏறத்தாழ ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வருகிறது. பெற்றோரில் ஒருவருக்கோ உடன்பிறந்தவருக்கோ இருந்தால் அது நூற்றுக்குப் பத்து அளவுக்கு உயர்கிறது. அதாவது, அந்தத் தங்கைக்கு நோய் வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூறு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்கு மரபணுக்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவர்களிலும் ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

காரணம், மனச்சிதைவுக்கென்று தனியாக ஒரு மரபணு கிடையாது. 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, நோயாளிகள் சுமார் 76,000 பேரின் மரபணுத் தொகுதியை நோயில்லாதவர்களுடையதோடு ஒப்பிட்டு, நோயோடு தொடர்புள்ள 287 இடங்களைக் கண்டது. ஒவ்வோர் இடத்து மாற்றமும் அபாயத்தை இம்மியளவே கூட்டுகிறது. மதுராந்தகம் பக்கத்து விவசாயிகளுக்கு இது எளிதில் புரியும்: ஏரிக்குப் பல வரத்துக்கால்கள், அந்த ஆண்டு மழையும் சேர்ந்தால்தான் கலங்கல் வழியும். கருவிலும் பிரசவத்திலும் நேரும் சிக்கல்கள், சிறு வயதில் பட்ட கொடுமைகள், பதின்வயதில் பழகும் கஞ்சா எல்லாம் இங்கே அந்த மழை. விதிவிலக்காக, 22ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு பிறவியிலேயே விடுபட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. ஆனால் அது அரிது.

ஊரும் கணக்கை மாற்றுகிறது. அன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், நைஜீரியாவின் இபாதான், வடக்கு டிரினிடாட் ஆகிய மூன்று இடங்களிலும் 2018 முதல் 2020 வரை மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய்கள் பற்றிய ‘இன்ட்ரெபிட்’ ஆய்வு நடந்தது. இதன் முன்னோடி ஆய்வுக்கு இந்தியாவில் செங்கல்பட்டே களம். மருத்துவமனைப் பதிவேடுகளோடு நிற்காமல், நாட்டு வைத்தியர்கள், கோயில், தர்கா சார்ந்தவர்கள், ஊர்ப் பெரியவர்கள் வழியாகவும் சிகிச்சை பெறாதவர்களைத் தேடினார்கள். லட்சம் பேருக்கு ஆண்டுதோறும் புதிதாகத் தீவிர மனநோய்க்கு ஆளானோர் காஞ்சிபுரத்தில் சுமார் 21, இபாதானில் 14, டிரினிடாடில் 37. ஒரே வகை நோய் இடத்துக்கு இடம் இவ்வளவு வேறுபடும்போது, பரம்பரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

287 இடங்களைக் கண்ட அந்தப் பெரிய மரபணு ஆய்வில் ஒரு குறையும் உண்டு. அதற்கு ரத்தம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சத்தவர். அதை வைத்து நம்மவரின் அபாயத்தைக் கணித்தால் துல்லியம் குறைகிறது.

இத்தகைய குறையை நிரப்ப முன்பே முனைந்தது சென்னையின் ‘ஸ்கார்ஃப்’. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் எனப் போற்றப்படும் எம். சாரதா மேனன் 1984இல் தொடங்கிய நிறுவனம் அது. திருப்போரூர் கிராமங்களில் மனநலப் பணி செய்தது, மாமல்லபுரத்தில் நோயாளிகள் தங்கும் இல்லமும் அமைத்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 3,000க்கும் மேற்பட்ட இந்தியர்களின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. 8ஆவது குரோமோசோமில் ஓர் இடம் தென்பட்டது. அங்குள்ள ‘என்ஏபிஆர்டி1’ என்ற மரபணு, வைட்டமின் பி3 எனப்படும் நயாசினை உடல் பயன்படுத்துவதோடு தொடர்புடையது. வரிக்குதிரை மீன்களில் அதன் செயலைக் குறைத்தபோது மூளை வளர்ச்சி பிசகியது.

இதைப் படித்துவிட்டு நயாசின் மாத்திரை வாங்கி விழுங்கக் கூடாது. அதை மனச்சிதைவுக்கான சிகிச்சையாக இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஒருவருக்கு இந்நோய் வருமா, வராதா என்று உறுதியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனையும் இன்றில்லை. வரன் பேசுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

குடும்பத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால், மற்றப் பிள்ளைகளைக் கஞ்சாவிலிருந்து காப்பது முதல் வேலை. யாருமில்லாமல் குரல் கேட்பது, காரணமின்றி எல்லாரையும் சந்தேகிப்பது, படிப்பையும் நண்பர்களையும் விட்டு ஒதுங்குவது போன்றவை தெரிந்தால் மந்திரிக்க அலைந்து மாதங்களைக் கழிக்காமல், செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க விரும்புவோருக்கு ‘டெலி மானஸ்’ உண்டு: எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.