பழைய முகவரியின் கடன்

இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீண்டு கிடக்கும் கடற்கரைப் பிரதேசத்தில் பெயர் மாற்றம் என்பது அபூர்வமான சம்பவமன்று. மதராஸ் 1996ஆம் ஆண்டில் சென்னை ஆயிற்று. எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராஜர் துறைமுகம் என்னும் நாமம் பூண்டது. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகமோ, பெருந்துறைமுகங்களுக்கென்று 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தை அனுசரித்து, சென்னைத் துறைமுக ஆணையம் என்று ஆகிவிட்டது. பழைய பெயரைச் சொல்லி வழி கேட்பவரையும் இராயபுரத்து ஆட்டோக்காரர் சரியான வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். கணினிக்கோ, யாரேனும் எழுதி வைத்ததைத் தவிர வேறு ஞாபகம் கிடையாது. ஆகையால், இணையதளம் ஒன்றின் முகவரி மாறும்போது, பழைய முகவரியைத் தேடி வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்பி வைக்குமாறு சர்வரிலே ஒரு விதி எழுதப்படுகிறது. அதுவே ரீடைரக்ட் என்னும் வழிமாற்று. அதன் இயல்பையும், சர்வர் மென்பொருளைப் புதுப்பித்த மறுநாளே அது பழுதுபடுவதன் காரணங்களையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் ஒரு முகவரியைத் தட்டியதும், பிரௌசர் சர்வரிடம் அந்தப் பக்கத்தைக் கேட்கிறது. சர்வரும் மூன்று இலக்க எண் ஒன்றை முன்வைத்தே தன் விடையைத் தொடங்குகிறது. 200 என்றால் பக்கம் இருக்கிறது. 404 என்றால் இல்லை. 301 என்றால் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது. 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது. இடம் மாறியதாகச் சொல்லும் விடையோடு புதிய முகவரியும் ஒரு தனி வரியாக வரும்; பிரௌசர் அவ்வரியைப் படித்துத் தானே அங்கே செல்லும். இவற்றோடு 307, 308 என்னும் இரண்டு எண்களும் உண்டு. துறைமுகத்துக் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர் நீண்ட படிவத்தைப் பூர்த்தி செய்து அனுப்புகையில், வழியில் 301 குறுக்கிட்டால், படிவத்தின் விவரங்களை உதறிவிட்டு வெறும் பக்கத்தை மட்டும் கேட்கும் வழக்கம் பிரௌசர்களுக்கு உண்டாதலால், விவரங்களையும் பத்திரமாக எடுத்துச் செல்லுமாறு பணிக்கும் பொருட்டே அவ்விரண்டும் வகுக்கப்பட்டன.

நிரந்தரம், தற்காலிகம் என்னும் பேதம் எத்தனை முக்கியமானது என்பதற்கு நம் மாநிலத்திலேயே தக்க உதாரணம் இருக்கிறது. 2020 ஜூனில், 1018 ஊர்ப்பெயர்களை ஆங்கிலத்தில் தமிழ் உச்சரிப்புக்கு இசைய எழுதவேண்டும் என்று தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. சில தினங்களுக்குள்ளாகவே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைக்காலத்தில் ஓர் இணையதளம் தன் ஊர்ப்பக்கங்களின் முகவரிகளைப் புதிய எழுத்துக்கு மாற்றி, 301 என்னும் நிரந்தர விடையையும் வைத்திருக்குமானால், பிரௌசர்கள் அவ்விடையைத் தம் நினைவில் பதித்துக்கொண்டிருக்கும். ஆணை நீங்கி விதியை அழித்த பின்னரும், அவை பழைய முகவரியை விசாரிக்காமலே புதிய முகவரிக்குப் போய் நிற்கும். 302 வைத்திருந்தால் இந்தச் சங்கடம் நேராது.

இனி, புதுப்பித்தலினால் நேரும் பழுதுகளைப் பார்ப்போம். உலகெங்கும் பரவிய அபாச்சி என்னும் சர்வர் மென்பொருளில் முகவரிகளை மாற்றி எழுதும் பகுதியை, ரால்ஃப் எங்கெல்ஷால் என்பவர் 1996 ஏப்ரலில் இயற்றி, மறு ஆண்டு அபாச்சி குழுவினருக்கு நன்கொடையாக அளித்தார். அப்பகுதிக்குரிய விதிகளைப் பலர் எச்.டி.அக்சஸ் என்னும் சிறு கோப்பில் எழுதித் தளத்தின் கோப்புறையிலேயே வைப்பது வழக்கம். 2012இல் வெளியான 2.4 பதிப்பில், வெளிப்படையாக அனுமதித்தாலன்றி அக்கோப்பைப் படிக்கவேண்டாம் என்பது இயல்பான ஏற்பாடாயிற்று. அனுமதி எழுதாமல் 2.2இலிருந்து 2.4க்கு மாறியவர்களின் தளத்தில், விதிகள் ஓரெழுத்தும் குறையாமல் கோப்பில் இருந்தும், முகப்புப் பக்கம் திறக்க, உட்பக்கங்கள் யாவும் 404 என்று நின்றன. பழைய பதிப்பில் விதிகளின் நடையைப் பதிவு செய்வதற்கென்று இருந்த கட்டளையும் புதியதில் நீக்கப்பட்டமையால், அந்த ஒரு வரி அமைப்புக் கோப்பில் எஞ்சியிருந்தாலும் சர்வர் தொடங்கவே மறுத்துவிடும்.

தமிழில் எழுதுவோரைத் தொடும் மாற்றம் 2023 மார்ச்சில், 2.4.56 பதிப்போடு வந்தது. முகவரியில் ஒரு தமிழ் எழுத்தை அனுப்பும்போது, ‘அ’ என்பதும்கூட, சதவீதக் குறிகள் சேர்ந்த ஒன்பது அடையாளங்களாக விரிந்தே செல்கிறது. இரு சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடமும் அவ்வாறே ஒரு குறியீடாகிறது. விதி அதைப் பிரித்து, ‘திருவொற்றியூர் கோயில்’ என்பது போன்ற தொடரை, மீண்டும் குறியீடாக்காமல் வெற்றிடத்தோடே, முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் வரும் வினாப்பகுதியில் சேர்த்தாலும், முந்தைய பதிப்புகள் பொறுத்துக்கொண்டன. தீய எண்ணமுடையோர் அந்த இடுக்கின் வழியே நுழையக்கூடும் என்பது வெளிப்பட்டதால், புதிய பதிப்பு அத்தகைய முகவரியை 403 என்று தடுக்கிறது. இதற்குப் பரிகாரம் பழைய பதிப்புக்குத் திரும்புவதன்று. விதியின் இறுதியில் ‘பி’ என்னும் கொடியைச் சேர்த்து, பிரித்ததைத் திரும்பவும் குறியீடாக்கச் சொல்வதே.

முடிவில்லாத சுழற்சி இன்னொரு வகைப் பழுது. பெரிய தளங்களில் பாதுகாப்பான இணைப்பை முன்னே நிற்கும் ஒரு சர்வர் ஏற்று, பின்னே உள்ளதற்குச் சாதாரண இணைப்பாக அனுப்புகிறது. பின்னுள்ள சர்வரோ, பாதுகாப்பற்ற வழியில் வந்தாய், பாதுகாப்பான வழியில் வா என்று திருப்பியனுப்ப, அந்த வேண்டுகோள் மீண்டும் அதே வடிவில் வந்து சேர, இருபது முறை அளவில் சுற்றிய பின் பிரௌசர் கைவிட்டுவிடுகிறது. வந்த வழியை முன்நிற்கும் சர்வர் ஒரு தலைப்பு வரியில் தெரிவிக்கும். அதைப் பார்த்து முடிவு செய்யும்படி அமைந்த வரி புதுப்பித்தலில் அழிந்துபோனால், அதைத் திரும்ப எழுதவேண்டும்.

பழுது பார்க்கும் முறையிலும் ஒரு கிரமம் உண்டு. நினைவு வைத்திருக்கும் பிரௌசரை நம்பாமல், கர்ல் என்னும் கட்டளையால் சர்வரின் விடையை நேராக வாங்கி, எண்ணையும் அடுத்த முகவரியையும் படிக்கவேண்டும். விதிகள் எந்த இடத்தில் பிசகுகின்றன என்பதைப் பதிவேட்டின் நுணுக்கத்தை உயர்த்தி அறியலாம். அமைப்புக் கோப்பைச் சோதித்த பின்னரே சர்வரை மறுபடி தொடங்குவதும், பரீட்சைக் காலத்தில் 302 வைத்து, எல்லாம் சரியென்று உறுதியான பின் 301 ஆக்குவதும் விவேகம். இவை அனைத்துக்கும் மேலாக, புதுப்பிப்பதற்கு முன்பே பதிவேட்டிலிருந்து பழைய முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றும் தரும் விடையைக் குறித்து வைத்து, புதுப்பித்த பின் அதே பட்டியலை ஓட்டி ஒப்பிடுபவருக்கு, பழுது வாசகருக்குத் தெரியும் முன்பே தெரிந்துவிடும்.

வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, நல்ல முகவரிகள் மாறுவதில்லை என்னும் கருத்தை 1998இலேயே ஒரு கட்டுரையாக எழுதினார். மாறவே கூடாது என்பது நிறுவனங்கள் பெயர் மாறும் உலகில் எப்போதும் சாத்தியமன்று. ஆயினும், அச்சிட்ட டெண்டர் அறிவிப்பிலும், மாணவரின் ஆய்வேட்டிலும், யாரோ ஒருவர் நண்பருக்கு எழுதிய கடிதத்திலும் ஒருமுறை இடம்பெற்றுவிட்ட முகவரியை நாம் திரும்பப் பெற இயலாது. அவ்வாறு வெளியே சென்றுவிட்ட ஒவ்வொரு முகவரியும் தளத்தை நடத்துபவர் பட்ட கடன். மென்பொருளைப் புதுப்பிக்கும் வேலை, அந்தக் கடன்கள் யாவும் தீர்கின்றனவா என்று பார்த்த பின்னரே முடிவடைகிறது.