அயல்நகரில் ஒரு கலைஞர்



உணவும் உறையுளும் உதவிப்பணமும் அளித்து, கலையை வளர்த்து வா என்று ஒருவரை அயல்நாட்டுக்கு அனுப்பினால் அவர் மகிழ்ந்திருப்பார் என்றே எண்ணுகின்றோம். உண்மை எப்போதும் அவ்வாறன்று.

பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், 1666 ஆம் ஆண்டில், உரோமாபுரியிலே பிரெஞ்சுக் கலைக்கழகம் நிறுவப்பெற்றது. 1803 முதல் அது வில்லா மெடிச்சி என்னும் மாளிகையில் இயங்கி வருகின்றது. பாரிசில் நடந்த போட்டியிற் பரிசு பெற்ற இளங்கலைஞர் அரசின் செலவில் அங்கே தங்கினர். 1968 இல் அப்போட்டி ஒழிந்தது. கலைஞரை வரவேற்கும் வழக்கம் ஒழியவில்லை.

இசையாக்குநர் குளோட் டெபுசி 1885 இல், தமது இருபத்திரண்டாம் வயதில், அங்கு சென்றார். மாளிகை அவருக்குப் பிடிக்கவில்லை. பாரிசை எண்ணி ஏங்கினார். தொடங்கிய ஆக்கங்களை இடையிலே கைவிட்டார். ஆனால், அந்நகரத் தேவாலயமொன்றில் பாலஸ்திரினா, லாசோ ஆகிய பதினாறாம் நூற்றாண்டுப் பெரியாரின் இசையைக் கேட்டு வியந்தார். அங்கே அவர் இயற்றிய ‘வசந்தம்’ என்னும் இசையைத் தெளிவற்றதெனப் பாரிசுக் கழகத்தார் குறைகூறினர். குறையெனப்பட்ட அப்பண்பே பின்னர் அவருக்குப் புகழ் தந்தது.

கடல்கடந்து சென்ற மாணவர், “இங்கே மனம் ஒட்டவில்லை, ஐயா” என்று எழுதும்போதெல்லாம் இவ்வரலாற்றையே நான் மறுமொழியாக எழுதுவதுண்டு. தொடக்கக் கலக்கம் தோல்வியன்று. இருப்பிடத்தைப் பிறர் தரலாம். செவியைத் திறந்துகொண்டு வீதியில் இறங்குதல் நம் பொறுப்பேயாகும்.