பறைக்கு ஒரு கூடம் வேண்டும்

பறையை நம்மில் பெரும்பாலோர் எங்கே கேட்டிருக்கிறோம்? சாவு வீட்டு வாசலில், அம்மன் கோயில் திருவிழாவில், கட்சி ஊர்வலத்தில், கடைத் திறப்பு விழாவில். எங்கே கேட்டாலும் நாம் வேறொரு காரியமாகத்தான் அங்கே போயிருப்போம். ஒரு பக்கம் அடி விழும். மறுபக்கம் ஊர்ப் பேச்சு நடக்கும். பறையைக் கேட்பதற்கென்றே ஒரு மாலை கிளம்பிப் போய், பாயில் உட்கார்ந்து, அடிப்பவரின் முகத்தைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் கேட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்?

அப்படிக் கேட்க வாய்ப்புத் தரும் இடங்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. அவை பெரிய அரங்குகள் அல்ல. பண்பாட்டு மையங்களும் அறக்கட்டளைகளும் லாப நோக்கம் இல்லாமல் நடத்தும் சிறு கூடங்கள். ஐம்பது, அறுபது பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். மைக் இருக்காது, தேவையும் இல்லை.

தோலும் தீயும்

மைக் இல்லாமல் அருகிலிருந்து கேட்டால்தான் பறையின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும். வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் மெலிந்து நீண்ட சிம்புக்குச்சி. ஒன்று கனத்த ஒலியைத் தருகிறது. மற்றது அதன் மேல் படபடவென்று விழுகிறது. தெருவிலும் ஒலிபெருக்கியிலும் கனத்த ஒலிதான் நம்மை வந்து சேரும். சிம்புக்குச்சியின் வேலை பாதி காற்றில் போய்விடும். சிறு கூடத்தில் இரண்டும் தனித்தனியாகக் காதில் விழுகின்றன. சாவுக்கு அடிக்கும் அடி வேறு, சாமிக்கு அடிக்கும் அடி வேறு என்று கலைஞர் அடித்துக் காட்டும்போது, ‘எல்லாம் ஒரே சத்தம்தானே’ என்ற பேச்சு அங்கேயே செத்துப்போகிறது.

நிகழ்ச்சி தொடங்குவதும் மேடையில் அல்ல, முற்றத்தில். மரச் சட்டத்தில் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டப்பட்ட கன்றுத்தோல், ஈரக் காற்றில் தளர்ந்துவிடும். வைக்கோலையோ காய்ந்த ஓலையையோ கொளுத்தி, அந்தத் தணலில் காட்டிக் காய்ச்சினால்தான் சுதி ஏறும். சிறிது நேரம் அடித்தால் மறுபடி காய்ச்ச வேண்டும். இப்போது ஃபைபர் தோல் வந்துவிட்டது. அதற்கு மழையும் இல்லை, தீயும் வேண்டாம். ஊர்வலத்துக்கு அது வசதிதான். ஆனால் காய்ச்சிய தோலின் நாதம் எப்படி இருக்கும் என்பதை நம் பிள்ளைகள் அறிய, தீ மூட்ட இடமும் காத்திருக்கப் பொறுமையும் உள்ள இதுபோன்ற முற்றங்கள்தான் மிச்சம்.

உட்கார ஓர் இடம்

இசையோடு இன்னொன்றும் அங்கே நடக்கிறது. ஊரில் பறை அடிப்பவர் எப்போதும் நிற்பவர். சாவு வீட்டுப் பந்தலில் போட்ட நாற்காலிகளில் ஒன்றுகூட அவருக்கானது அல்ல. பல ஊர்களில் தேநீர் தனிக் குவளையில் வந்தது. கூலியின் ஒரு பங்கு சாராயமாக வந்தது. அவர் பெயரை யாரும் கேட்டதில்லை. தொல்காப்பியம் நிலந்தோறும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அத்தனை பழைய கருவியை வாசித்தவருக்குச் சமூகம் கொடுத்த இடம் தெருவின் ஓரம்.

சிறு கூடத்தில் அவர் பெயரோடு அறிமுகமாகிறார். ‘ஆசான்’ என்று அழைக்கப்படுகிறார். எல்லோரும் குடிக்கும் பானையில் அவரும் தண்ணீர் மொண்டு குடிக்கிறார். அவர் குச்சியை எடுக்கும்போது கூட்டம் பேச்சை நிறுத்துகிறது. பிறருக்கு இது சாதாரண அரங்க நாகரிகம். தலைமுறை தலைமுறையாகக் கட்டாயத்தின் பேரில் அடித்தவர்களுக்கு அது சாதாரணம் அல்ல.

இதற்கு நம் தெருக்களிலேயே மறுப்பு உண்டு. ‘அந்தத் தோலைத் தொடாதே என்றுதான் உன்னைப் படிக்க வைத்தோம்’ என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பல கிராமங்களில் பறையடிக்க மறுத்ததே போராட்டமாக இருந்தது. அதற்காக அடிபட்டவர்கள் உண்டு. அந்த மறுப்பை நாம் குறைத்துப் பேச முடியாது. கட்டாயத்துக்கு அடிப்பதை நிறுத்தியதும் சுயமரியாதைதான். விருப்பத்தோடு எடுத்து அடிப்பதும் சுயமரியாதைதான். அடிப்பவர் எங்கே, யாருக்காக, என்ன நிபந்தனையில் அடிக்கிறார் என்பதே கேள்வி.

மதுரையும் திண்டுக்கல்லும்

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய இடங்களில் ஒன்று மதுரை அரசரடி. அங்குள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இசை கற்பித்த தியாபிலஸ் அப்பாவு, ‘பரட்டை’ என்ற பெயரில் கிராமிய மெட்டுகளில் பாடல் கட்டினார். கற்றவர் பாடக் கல்லாதவர் கேட்கும் இசை வேண்டாம், எல்லோர் வாயிலும் வரும் இசையே விடுதலையின் இசை என்பது அவர் வழி. அங்கு இயங்கிய தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களில் பறை தலைநிமிர்ந்து ஒலித்தது. அப்பாவு 2005-இல் மறைந்தார்.

திண்டுக்கல்லில் 1990-இல் சகோதரி சந்திரா தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் இன்னொரு கதவைத் திறந்தது. ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் இளம்பெண்கள் கையில் கொடுத்தது. படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் அங்கே தங்கி, ஆட்டத்தோடு பறையும் கற்றார்கள். காலில் சலங்கை, கையில் பறை என்று அவர்கள் வட்டமாகச் சுற்றி வரும்போது, சாதிக்கும் ஆணுக்கும் சேர்த்தே பதில் கிடைக்கிறது.

பொன்னாடை கூலி ஆகாது

அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது பறைக் கலைஞர்கள் எல்லோரும் மகிழ்ந்தோம். விருது ஒருவருக்குக் கிடைக்கும். மாதாமாதம் வேலை எல்லோருக்கும் வேண்டும். சேவை நோக்கில் நடத்துகிறோம் என்று சொல்லி, கலைஞரைப் பொன்னாடை போர்த்தி வெறுங்கையோடு அனுப்பும் அமைப்புகளும் உண்டு. மேடைக்காரருக்கும் பந்தல்காரருக்கும் பணம் கொடுத்துவிட்டு அடித்தவருக்கு மட்டும் நன்றி சொல்வது பழைய ஊர் வழக்கத்தின் புதிய வடிவம். கூலியை முன்கூட்டியே பேச வேண்டும். அன்றே கையில் கொடுக்க வேண்டும். போக்குவரத்துச் செலவைத் தனியாகத் தர வேண்டும். கலைஞர் நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டு, இல்லையென்றால் விண்ணப்பம் நிரப்ப உதவலாம். இவை நடந்தால்தான் அந்தக் கூடம் கலைஞருக்கும் சொந்தம்.

பூட்டைத் திறப்போம்

புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. தாட்கோ கட்டிக் கொடுத்த சமுதாயக் கூடங்கள் பல காலனிகளில் இருக்கின்றன. கல்யாண நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடப்பவை, சிமெண்ட் மூட்டை அடுக்கும் இடமாகிவிட்டவை அவற்றில் எத்தனையோ. மாதம் ஒரு சனிக்கிழமை மாலை அதில் ஒன்றைத் திறந்தால் போதும். சாவியை வாங்க ஊராட்சியிடம் ஒரு மனு, உட்காரப் பாய், வாசலில் ஓர் உண்டியல், காய்ச்சக் கொஞ்சம் வைக்கோல். படித்து வேலையில் இருக்கும் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு குழுவின் ஒரு மாலைக் கூலியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஊர்த் தெருவில் இருப்பவர்களையும் அழைக்க வேண்டும். சாவுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டவர்கள், ஒருநாள் நம் தெருவுக்கு நடந்து வந்து, செருப்பை வாசலில் விட்டு, பாயில் உட்கார்ந்து கேட்கட்டும். வருகிறவர்கள் முதல் மாதம் நான்கு பேராக இருக்கலாம். அந்த நான்கு பேருக்கும் இடம் ஒதுக்கி வைப்போம்.