உங்களுக்குத் தெரியுமா? ஜெயிக்கிறவரை விட்டு ஓடிய பணம்

டென்னிஸ் பந்தயச் சந்தையில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை உண்டு. 'இவர் வெல்வார்' என்ற சீட்டு 70 சென்ட்டுக்குப் போனால், அவருக்கு 70 சதவீத வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது. வென்றால் 1 டாலர் கைக்கு வரும். தோற்றால் போட்ட காசு போச்சு. ஒரு சர்வீஸ் பறிபோனாலே விலை ஆட்டம் காணும்.

2007 ஆகஸ்ட் 2, போலந்தின் சோபோட் நகரம். உலகின் 4-ஆம் நிலை வீரர் நிகோலாய் டேவிடென்கோ, 87-ஆம் இடத்திலிருந்த மார்ட்டின் வசாயோ அர்குவேயோவிடம் முதல் செட்டை 6-2 எனக் கைப்பற்றினார். அப்போதும் பணம் எதிராளி மீதே கொட்டியது! இரண்டாவது செட் 3-6. மூன்றாவதில் 1-2 என்றிருந்தபோது பாதக் காயத்தால் டேவிடென்கோ விலகினார். பெட்ஃபேர் என்ற பந்தயத் தளம் சுமார் 70 லட்சம் டாலர் பந்தயங்களைச் செல்லாது என்று அறிவித்தது. அதற்குமுன் அது அப்படிச் செய்ததே இல்லை.

'எங்கோ இடிக்கிறது' என்று விலை சொல்லும், யாரால் என்று சொல்லாது. ஓராண்டுக்கு மேல் துருவியும் இரு வீரர்கள் மீதும் குற்றம் காணப்படவில்லை. அத்தனை மாதமும் அவர்கள் சுமந்த சந்தேகம் கொடுமையானது. இதுபோன்ற சந்தேகங்களை விசாரிக்க 2008-இல் டென்னிஸ் நேர்மைப் பிரிவு தனியாகத் தொடங்கப்பட்டது.