சங்கத்துச் சரக்கு வண்டிக்கு வேண்டிய சாமான்கள்

2005-ஆம் ஆண்டில் டாடா ஏஸ் வண்டி சந்தைக்கு வந்தது. அதற்குக் ‘குட்டியானை’ என்று பெயரிட்டு வழங்கத் தொடங்கிய நம் மக்கள், யானைக்குரிய சுமையையும் அதன்மீது ஏற்றத் தொடங்கினர். அவ்வகை வண்டி தாங்கக்கூடிய சரக்கு ஏறத்தாழ 750 கிலோவேயாகும். நெசவாளர் சங்கமாயினும் விளைபொருள் விற்பனைச் சங்கமாயினும், வண்டிக்குத் துணைச் சாமான் வாங்க எண்ணும் நிர்வாகிகள் முதலில் இந்த எண்ணை மனத்திற் கொள்ளவேண்டும். மொத்த எடைக்கு வரம்பு உண்டாதலால், வண்டியிற் பூட்டும் ஒவ்வொரு கிலோ இரும்பும் சரக்கில் ஒரு கிலோவைக் குறைக்கிறது.

தளத்துக்குத் தகடு அடிப்பதையே எடுத்துக்கொள்வோம். ஏழடி நீளமும் ஐந்தடி அகலமும் உள்ள தளத்துக்கு 3 மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஏறக்குறைய 80 கிலோ நிற்கும். அதே கனமுள்ள அலுமினியத் தகடு 30 கிலோவுக்குள் அடங்கும், விலை கூடுதல்தான். ஆயினும் இரும்பை ஏற்றிய வண்டி முழுச் சுமையுடன் பத்து நடை ஓடினால், ஒரு முழு நடைச் சரக்கு வீணாயிற்று என்பது கணக்கு. தக்காளிப் பெட்டியும் வாழைத்தாரும் மட்டுமே ஏற்றுவோருக்கு இவ்விரண்டும் வேண்டா. ரப்பர் விரிப்பே போதும். அது வழுக்காது, காயையும் நசுக்காது.

நெசவாளர் சங்கங்களுக்கோ தார்ப்பாய்தான் உயிர். ஐப்பசி மழையில் நனைந்து வந்த சேலைக்கட்டு ஒன்றை நாம் ஒரு சங்கத்தில் பிரித்துப் பார்த்ததுண்டு. கரைச் சாயம் உடலில் இறங்கியிருந்தது. பல வாரத்து உழைப்பு அது. கூலி வாங்கிய நெசவாளரின் பெயர் பதிவேட்டில் இருக்க, சேலையை வாங்குவார் இல்லை. விலை மலிந்த பாலித்தீன் தாள் ஓரிரு மாதங்களில் மடிப்பில் கிழியும். தடித்த தார்ப்பாயும், நடுவில் நீர் தேங்காதபடி வளைந்த கம்பிக் கூடும் சேர்ந்தே வாங்கத்தக்கவை. கயிற்றுக்குப் பதிலாக ராட்செட் பெல்ட் நான்கு வாங்கினால் கட்டு தளராது. ஆனால் அதை மிக இறுக்கினால் துணிக்கட்டில் தடம் விழும். இடையில் அட்டை வைத்தல் நன்று.

முன்புறத்து இரும்புத் தடுப்பு ஓட்டுநர்களுக்கு மிக விருப்பமானது. பாதசாரிகளுக்கு அபாயம் விளைப்பதால் 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது. அதற்குச் சங்கப் பணத்தில் ஒரு காசும் கொடுக்கலாகாது. பின்சக்கரத்து வில்லுக்குக் கூடுதல் பட்டை சேர்ப்பதும் அத்தகையதே. வண்டி தாழாமல் நிற்குமேயன்றி பிரேக்கும் அச்சும் பழையவையே. பதிவுச் சான்றிதழின் எடையும் மாறுவதில்லை. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகச் சுமைக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். பக்கத் தடுப்புகளை உயர்த்திக் கூண்டு கட்டுவதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியை முன்னதாகப் பெறுதல் அவசியம்.

ஒளிரும் பட்டைக்கு ஆகும் செலவு சொற்பம். முன்னே வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னே சிவப்பு. விடியற்காலைச் சந்தைக்குச் செல்லும் வண்டிக்கு இதைத் தள்ளிப்போடவே கூடாது.

வாங்கியவற்றை விலைப்புள்ளி, தீர்மானம், இருப்புப் பதிவேடு ஆகிய மூன்றிலும் காட்டுவதோடு, காப்பீட்டு நிறுவனத்துக்கும் மதிப்பைத் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத சாமானுக்கு இழப்பீடு கேட்பது கடினம். தார்ப்பாயைப் புரட்டாசியிலேயே வெயிலில் உயர்த்திப் பிடித்து, அடியில் நின்று பாருங்கள். ஒளி புகும் இடமெல்லாம் ஒட்டுப் போடவேண்டிய இடம்.