காய்ச்சலை மறைக்க வைக்காதீர்கள்!

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நேரம். இருபது வயசுப் பையன் ஒருவன் இருமிக்கொண்டே என் வைத்தியசாலைக்கு வந்தான். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. உட்காரும் முன்பே கெஞ்ச ஆரம்பித்துவிட்டான்.

"சார், டெஸ்ட் எல்லாம் வேணாம். கஷாயம் மட்டும் குடுங்க. ரூம்ல எட்டு பேர் இருக்கோம். ஓனருக்குத் தெரிஞ்சா எல்லாரையும் காலி பண்ணச் சொல்லிடுவாரு!"

நோயைவிட வீட்டுக்காரரிடம்தான் அவனுக்குப் பயம். கொள்ளைநோய்க் காலத்தில் உள்ளாட்சியின் பாதி வேலை இந்தப் பயத்தைப் போக்குவதுதான்.

ஏன் என்கிறீர்களா? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் ஷிப்ட் முடித்து வருகிறவர், இன்னொருவர் எழுந்துபோன பாயில் படுக்கிற அறைகள் உண்டு. பலருக்கு ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரில். உள்ளூர்க் கணக்கில் அவர்கள் வருவதில்லை. கணக்கில் இல்லாதவரின் காய்ச்சல் யாருக்குத் தெரியும்? அது அறை முழுக்கப் பரவும். பிறகு கம்பெனி பஸ், டீக்கடை, கடைசியில் உங்கள் வீடு!

சென்னை என்ன செய்தது?

2020-ல் சென்னை மாநகராட்சி, நோயாளி தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய், காய்ச்சல் உண்டா என்று விசாரித்தார்கள். தெருவுக்கே காய்ச்சல் முகாம் வந்தது. வீட்டில் தனி அறை இல்லாதவர்களுக்காகக் கல்லூரிகளில் கவனிப்பு மையங்கள் திறந்தார்கள். சாலிகிராமம் ஜவஹர் பொறியியல் கல்லூரியில் சித்த மருத்துவ மையமே நடந்தது. ஊரடங்கில் அம்மா உணவகங்கள் இலவசமாகச் சாப்பாடு போட்டன.

சோறும் படுக்கையும் உறுதியானால்தான் மனுஷன் 'எனக்குக் காய்ச்சல்' என்று வாய் திறப்பான். அதே சென்னையில் நோயாளி வீட்டு வாசலில் தகரம் அடித்ததும் நடந்தது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தன் காய்ச்சலைச் சொல்வாரா?

தொழிலாளர்களை வாடகை அறையிலிருந்து வெளியேற்றினால் நடவடிக்கை உண்டு என்று 2020 மார்ச் 29-ல் மத்திய உள்துறை உத்தரவிட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட்டில் பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம்தான். ஆனாலும் வாடகை அறையே கதி என்றிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்களே!

நீங்கள் செய்ய வேண்டியது...

* அறை வாடகைக்கு விட்டிருக்கிறீர்களா? தங்கியிருப்பவர்களின் பெயர், போன் நம்பரை எழுதி வையுங்கள். கணக்கெடுக்க வருபவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

* 'காய்ச்சல் வந்தால் காலி பண்ணச் சொல்ல மாட்டேன்' என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

* ஜன்னல் இல்லாத அறையில் ஆட்களை அடைக்காதீர்கள்.

* கபசுரக் குடிநீரை அரசே விநியோகித்தது, நானும் கொடுத்தேன். ஆனால் கஷாயம் குடித்துவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். சந்தேகம் கேட்க 104.

* பஞ்சாயத்து உறுப்பினரைப் பார்த்தால், 'வெளியூர்த் தொழிலாளர்கள் உங்க லிஸ்ட்ல இருக்காங்களா?' என்று கேளுங்கள்.

அந்தப் பையனுக்குக் கஷாயம் கொடுத்தேன், பரிசோதனைக்கும் அனுப்பினேன். அவன் சம்மதத்தோடு வீட்டுக்காரரிடமும் போனில் பேசினேன். முதலில் சத்தம் போட்டார். பிறகு மொட்டைமாடி அறையை ஒழித்துக் கொடுத்தார். அவர் மனைவி பத்து நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாராம். அப்புறம்தான் மற்ற ஏழு பேரும் தாங்களாகவே பரிசோதனைக்குக் கிளம்பினார்கள்.

உங்கள் மாடியிலும் ஓர் அறை இருக்கிறதல்லவா?